புயலும் சூறையும்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வரும் கடிதங்கள் இரண்டு வகை. "அந்தப் பெண்ணை ஏன் அநியாயமாகச் சாகடித்தீர்?" என்று கேட்பவை ஒரு வகை. "சோழர் காலத்தில் மிளகாய் ஏது?" என்று கேட்பவை இன்னொரு வகை. முதல் வகைக்கு உடனே பதில் எழுதிவிடலாம். இரண்டாவது வகைக்கோ நூல் நிலையத்துக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, பெரும்பாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் பதில் எழுத வேண்டியிருக்கும்.

2024 வைகாசியில் எனக்கு வந்த கடிதம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அப்போது செஞ்சிக் கோட்டையை வைத்து ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். 1750-ஆம் ஆண்டில் நடக்கும் கதை. நிஜாம் நாஸிர் ஜங் பெரும் படையோடு செஞ்சிப் பக்கம் பாசறை இறங்கியிருக்கிறார். கோட்டையோ பிரெஞ்சுக்காரர் கையில். ஓர் அத்தியாயத்தின் முடிவில் வாசகர்களை அடுத்த வாரம் வரையில் பிடித்து நிறுத்த ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. ஒரு சூறாவளியைக் கிளப்பிவிட்டேன். கூடாரங்கள் காகிதம் போலப் பறந்தன. குதிரைகள் கட்டறுத்துக்கொண்டு ஓடின. சித்திரக்காரர் உற்சாகமாக அரைப் பக்கத்துக்குப் படம் போட்டுக் கொடுத்தார்.

கடிதம் சீயமங்கலத்திலிருந்து வந்திருந்தது. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், ஓர் எழுத்துக்கூட அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தார்.

"ஐயா, தங்கள் கதையில் நாஸிர் ஜங்கின் பாசறையைக் காற்று அழிக்கிறது. நான் எழுபத்தெட்டு வருஷமாக இந்தப் பக்கத்தில் இருக்கிறேன். இங்கே ஐப்பசி கார்த்திகையில் ஆளை அழிப்பது காற்று அல்ல, தண்ணீர். தாங்கள் எழுதியது கடற்கரைப் புயல். செஞ்சிப் புயல் வேறு. ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போகவும்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தோடு நூல் நிலையத்துக்குப் போனேன். கர்நாடக யுத்தங்களின் சரித்திரத்தை விவரமாக எழுதி வைத்த ராபர்ட் ஆர்மின் புத்தகத்தை எடுத்தேன். பக்கத்தைக் கண்டுபிடித்து வாசித்ததும் கோபம் போய்விட்டது, வெட்கம் வந்துவிட்டது.

பெரியவர் சொன்னதுதான் சரி. 1750 செப்டம்பர் 11-ஆம் தேதி இரவு, புஸ்ஸியும் அவனுடைய ஆட்களும் செஞ்சிக் கோட்டையில் ஏறினார்கள். யாராலும் பிடிக்க முடியாது என்று பெயர் பெற்ற கோட்டை ஒரே இரவில் விழுந்தது. அதைக் கேட்டுத் திடுக்கிட்ட நாஸிர் ஜங் படையைத் திரட்டிக்கொண்டு புறப்பட்டார். செஞ்சியை நெருங்கும் சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. வயல்களெல்லாம் ஏரியாயின. இரண்டு ஆறுகள் பெருகி, நடுவே படை அகப்பட்டுக்கொண்டது. முன்னே போகவும் வழியில்லை. பின்னே திரும்பவும் வழியில்லை. தானியம் வரவில்லை. நோய் வந்தது. பாசறையில் முணுமுணுப்பு எழுந்தது. முணுமுணுத்தவர்களோடு புதுச்சேரியிலிருந்து டூப்ளே ரகசியமாகக் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டார். டிசம்பரில் மழை விட்டதும், செஞ்சியிலிருந்து லா தூஷ் என்பவன் சுமார் 800 ஐரோப்பியரையும் 3,000 சிப்பாய்களையும் நடத்திக்கொண்டு இரவோடு இரவாகப் போய்ப் பாசறையைத் தாக்கினான். டிசம்பர் 16-ஆம் தேதி காலை நாஸிர் ஜங் யானை மேலிருந்தபடியே குண்டடிபட்டு இறந்தார். சுட்டது பிரெஞ்சுக்காரன் அல்ல. அவருடைய சொந்தப் படையில் இருந்த பட்டாணிய நவாபு.

இவ்வளவு பெரிய நாடகத்தில் காற்றுக்கு வேஷமே இல்லை. இரண்டு மாதம் விடாமல் பெய்த மழைதான் எல்லாவற்றையும் செய்தது. நானோ ஒரே நிமிஷத்தில் சூறாவளியை விட்டுக் கூடாரங்களைப் பறக்க அடித்துவிட்டேன்!

அன்றைக்கே அகராதியையும் எடுத்துப் பார்த்தேன். "கடற்கரைப் புயல் வேறு, செஞ்சிப் புயல் வேறு" என்ற வாக்கியம் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. புயல் என்றால் பலமான காற்று என்றுதான் நான் பிறந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய தமிழ் அப்படி நினைக்கவில்லை.

சங்கப் புலவர்களுக்குப் புயல் என்றால் மேகம். மேகம் பொழியும் மழை. வள்ளுவர் வான் சிறப்பு அதிகாரத்தில் உழவர்களுடைய ஏர் நின்றுபோவதைப் பற்றிச் சொல்கிறாரே, அங்கே புயல் என்னும் சொல்லை மழை என்ற பொருளில்தான் வைத்திருக்கிறார். அந்தப் புயல் வராவிட்டால்தான் ஆபத்து, வந்தால் அல்ல. வள்ளலின் கையைப் புயலுக்கு ஒப்பிட்டார்கள் நம் கவிகள். இன்றைக்கு ஒரு பெரிய மனிதரின் கையைப் புயல் என்று சொன்னால் அவர் யாரையோ அறைந்துவிட்டார் என்று அர்த்தமாகும். பெண்ணின் கூந்தலையும் புயல் என்றார்கள். இன்று நான் அப்படி எழுதினால், அவள் எண்ணெய் தடவி வாரிக்கொள்ளவில்லை என்றுதான் வாசகர்கள் எண்ணுவார்கள்.

மேகம் எப்படிக் காற்றாயிற்று? நமது ஊரின் பருவத்தை நினைத்துப் பார்த்தால் இது ஒன்றும் அதிசயமாகத் தோன்றாது. ஐப்பசி பிறந்தால் வங்கக் கடலிலிருந்து மேகம் வருகிறது. தனியாக வருவதில்லை, காற்றின் தோளில் ஏறிக்கொண்டு வருகிறது. வண்டியையும் வண்டியில் வந்தவரையும் ஒரே பெயரால் அழைப்பது போல, இரண்டையும் ஒரு சொல்லால் அழைத்துவிட்டார்கள். கொண்டல் என்ற சொல்லைப் பாருங்கள். கீழ்காற்றுக்கும் கொண்டல் என்று பெயர். மேகத்துக்கும் கொண்டல் என்று பெயர். மழை என்ற சொல்லே பழைய நூல்களில் பல இடங்களில் மேகத்தைக் குறிக்கிறது. கார் என்றால் மேகம், மழை, பருவம், அந்தப் பருவத்தில் விளையும் நெல், எல்லாம்தான்.

வெறும் காற்றுக்கு நம்மிடம் பெயர்ப் பஞ்சம் கிடையாது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், மேற்கிலிருந்து வந்தால் கோடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். யாழ்ப்பாணத்துக் கடல் தொழிலாளர் வாடை, கொண்டலோடு சோளகம், கச்சான் என்று இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பாய் விரிக்கிறவனுக்குக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். புறநானூற்றின் 66-ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார், கரிகாலனின் முன்னோன் ஒருவன் கடலிலே காற்றை வேலை வாங்கிக் கப்பல் ஓட்டியதைப் பெருமையாகச் சொல்கிறார். வளி, கால், ஊதை, உலவை, வங்கூழ் என்று நிகண்டுக்காரர்கள் காற்றின் பெயர்களை அடுக்கினார்கள். சூடாமணி நிகண்டு செய்த மண்டல புருடர் ஜைனர். திண்டிவனத்துப் பக்கத்துப் பெருமண்டூர்க்காரர் என்பார்கள். அப்படியானால் செஞ்சிக்கு அடுத்த ஊர்க்காரர்தான்.

வடமொழி வழியாகச் சண்டமாருதம் வந்தது. இதற்குச் சண்டை பிடிக்கும் இடத்தில்தான் மவுசு அதிகம். பதினாறாம் நூற்றாண்டில் சோளசிங்கபுரத்துத் தொட்டையாசாரியார், வேதாந்த தேசிகரின் வாத நூல் ஒன்றுக்கு உரை செய்து, அந்த உரைக்கே 'சண்டமாருதம்' என்று பெயர் வைத்தார். எதிர்க்கட்சியாரின் வாதங்கள் சருகாய்ப் பறக்கட்டும் என்ற எண்ணம்! நம் காலத்து மேடைகளில் பேச்சாளர்கள் புயலாகவும் சூறாவளியாகவும் சுற்றுப்பயணம் செய்கிறார்களே, அதற்கு மூதாதை இதுதான். நாவலாசிரியர்களும் இதற்கு விலக்கல்ல. கல்கி அவர்கள் 'பொன்னியின் செல்வ'னின் இரண்டாம் பாகத்துக்குச் 'சுழற்காற்று' என்று பெயரிட்டார். அவர் கதையில் நிஜமாகவே கப்பலும் கடலும் காற்றும் இருந்தன. எங்களைப் போன்றவர்கள், கதாநாயகன் அறைக்குள் நுழைவதற்கெல்லாம் "புயலென நுழைந்தான்" என்று எழுதியே அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டோம்.

இனி நான் கதையில் உபயோகித்த சொல்லுக்கு வருகிறேன். சூறாவளி என்பது சூறையும் வளியும் சேர்ந்த சொல். வளி காற்று. சூறை என்றால் சுழன்று அடிக்கும் காற்று. கொள்ளை என்றும் பொருள். சுழல்காற்று களத்து மேட்டில் புகுந்தால் என்ன செய்கிறதோ அதையேதான் கொள்ளைக்காரன் வீட்டில் புகுந்தால் செய்கிறான். சூறையாடுவதைப் பாலை நிலத்து மறவரின் தொழிலாக அகப்பொருள் இலக்கணக்காரர்கள் எழுதி வைத்தார்கள். பிள்ளையார் கோவில் வாசலில் சிதறுகாய் போடுகிறோமே, அதற்குச் சூறைத்தேங்காய் என்றும் பெயர் உண்டு. உடைத்த மாத்திரத்தில் பையன்கள் பாய்ந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு நிமிஷத்தில் தரையில் ஈரம் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

செஞ்சியின் சரித்திரமே ஒரு சூறைத்தேங்காய்தான். 1597-இல் நாயக்கர் ஆண்டபோது வந்து பார்த்த பிமெண்டா பாதிரியார், லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுகலில் உள்ள எந்த நகரத்தையும் விட இது பெரியது என்று வியந்து எழுதினார். 1677-இல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை வெளியே முற்றுகையிட்டுக் கிடந்து கடைசியில் பிடித்தது. 1714-இல் தேசிங்கு ராஜன் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து மாண்டான். நாடோடிப் பாட்டுக்காரர்கள் இன்றும் அவனைச் சாகவிடவில்லை. 1750-இல் பிரெஞ்சுக்காரர். 1761-இல் ஆங்கிலேயர். ஒவ்வொருவரும் பாய்ந்து அள்ளினார்கள். அதற்குப் பிறகு செஞ்சியில் ஈரம் மட்டுந்தான் மிச்சம்.

அந்த 1761-ஆம் ஆண்டின் கதையில் மட்டும் காற்றுக்கு நல்ல வேஷம் கிடைத்தது. ஆனால் அது செஞ்சியில் அல்ல, கடலில். ஆங்கிலேயர் புதுச்சேரியை நிலத்திலும் நீரிலும் முற்றுகையிட்டிருந்தார்கள். ஜனவரி முதல் தேதி இரவு அடித்த புயலில் அவர்களுடைய கப்பல்களில் மூன்று மூழ்கின; மூன்று கரையில் வீசி எறியப்பட்டன; ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். பட்டினி கிடந்த புதுச்சேரிக்குத் தெய்வமே துணை செய்ததாகத் தோன்றியிருக்கும். ஆனால் தப்பிய ஆங்கிலக் கப்பல்கள் ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்து மறுபடியும் வழியை அடைத்துவிட்டன. ஜனவரி 12-ஆம் தேதி, நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கம் பிள்ளை முற்றுகைக்குள்ளேயே கண்ணை மூடினார். நான்கு நாட்களில் புதுச்சேரி சரணடைந்தது. ஏப்ரல் 5-ஆம் தேதி செஞ்சியும் சரணடைந்தது.

இவ்வளவையும் படித்த பிறகு சீயமங்கலத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? ஆடி மாதத்தில் ஒரு நாள் புறப்பட்டேன்.

செஞ்சிக்கு வடக்கே, தேசூருக்கு அருகே இருக்கிறது சீயமங்கலம். சீயம் என்றால் சிங்கம். மகேந்திரவர்ம பல்லவர் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஒரு பாறையைக் குடைந்து, அவனிபாஜன பல்லவேசுவரம் என்று தம் பட்டப்பெயர் ஒன்றைச் சூட்டினார். செஞ்சிக்குத் தெற்கே மண்டகப்பட்டிலும் அவர் குடைந்த கோவில் உண்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் செய்தது என்று அங்கே கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொள்கிறார். பெருமைப்பட வேண்டியதுதான். காற்று வந்து பிடுங்கிக்கொண்டு போக அங்கே ஒன்றுமில்லை.

ஆசிரியர் ஊர் எல்லையிலேயே குடையோடு நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கத்தில் தமிழ்ச் சமணர்களுக்கு நயினார் என்று பட்டம். ஊரார் அழைக்கிறபடியே நானும் அவரை நயினார் ஐயா என்று அழைத்தேன். எடுத்த எடுப்பிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"அட, அதுக்கென்ன தம்பி! கதை நல்லாத்தான் இருந்தது. காத்துதான் ஊர் மாறி அடிச்சிட்டுது" என்று சிரித்தார்.

வழியில் மல்லாட்டைக் கொல்லையில் பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிலக்கடலையைத்தான் இந்தச் சீமையில் மல்லாட்டை என்கிறார்கள். திடீரென்று வரப்போரத்தில் புழுதி சுழன்று எழுந்து, பனை உயரத்துக்குப் போய், சருகுகளை அள்ளிக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. "ஒதுங்குங்க, ஒதுங்குங்க, பேய்க்காத்து!" என்று ஒரு கிழவி கூவினாள். எல்லோரும் ஒதுங்கினோம். அது எங்களைத் தாண்டிப் போய் ஒரு வேப்பமரத்தடியில் அடங்கிவிட்டது.

"இதுதான் எங்க ஊர்ச் சூறை" என்றார் நயினார். "ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும்னு சொல்றாங்களே தவிர, எந்த வீட்டு அம்மி பறந்தது? கண்ணில் தூசி விழும். ரெண்டு ஓடு நழுவும். அவ்வளவுதான்."

"ஐப்பசியில்?"

"ஐப்பசியில் காத்தைப் பத்தி யார் பேசறாங்க? புயல்னு சொல்றதெல்லாம் ரேடியோ வந்தப்புறம்தான். எங்க பாட்டனார் அடைமழைம்பார். 'அடைமழை பிடிச்சுக்கிச்சு, மாட்டை மேட்டுக்கு ஓட்டு'ம்பார். அதுதான் எங்களுக்கு எச்சரிக்கை."

பிறகு பாறைச் சரிவில் இருக்கும் சமணச் சிற்பங்களைக் காட்ட அழைத்துப் போனார். கங்க மன்னன் ராஜமல்லன் காலத்துக் கல்வெட்டு ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. பாறையிலே மகாவீரரும் பாகுபலியும் பார்சுவநாதரும் இருக்கிறார்கள். பார்சுவநாதர் அசையாமல் நிற்கிறார். தலைக்கு மேல் நாகராஜன் தரணேந்திரன் படம் விரித்திருக்கிறான். மேலே கமடன் பாறையைத் தூக்கி எறிய வருகிறான். பக்கத்தில் பத்மாவதி குடை பிடித்து நிற்கிறாள்.

கதை இதுதான்: பார்சுவநாதர் தவத்தில் நிற்கும்போது, பல பிறவிகளாகப் பகை கொண்ட கமடன் ஆகாயத்திலிருந்து புயலை ஏவுகிறான். ஏழு நாட்கள் விடாமல் பொழிகிறது. கல்லை எறிகிறான். தவம் கலையவில்லை. நாகம் வந்து படத்தை விரித்துக் காக்கிறது.

"பாத்தீங்களா, தம்பி?" என்றார் நயினார், தம் கைக்குடையால் சிற்பத்தைச் சுட்டிக்காட்டி. "பத்மாவதி கையில் என்ன? குடை. காத்துக்குக் குடை பிடிப்பாங்களா? பிடிச்சா குடைதான் மடங்கும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர்ச் சிற்பிக்கே தெரிஞ்சிருக்கு, புயல்னா மழைன்னு."

இதற்கு மேல் என்ன வாதம் வேண்டும்? நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பார்சுவநாதரைக் கும்பிட்டேனா, ஆசிரியரைக் கும்பிட்டேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வருகையில் பாம்பைப் பற்றிய வேறொரு விஷயம் நினைவுக்கு வந்தது, அவரிடம் சொன்னேன். இன்று உலகமெல்லாம் சைக்ளோன் என்கிறார்களே, அந்தச் சொல் நமது வங்கக் கடலில் பிறந்த சொல். கல்கத்தாவில் கப்பல் விபத்துகளை விசாரிக்கும் உத்தியோகத்தில் இருந்த ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர், மாலுமிகளின் குறிப்பேடுகளை ஒப்பிட்டுப் பார்த்துப் புயல் காற்று வட்டமாகச் சுழல்கிறது என்று காட்டினார். அதற்கு ஒரு பெயர் வேண்டுமே! கிரேக்க மொழியில் பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஒரு பெயரை உண்டாக்கினார். 1848-இல் மாலுமிகளுக்காக அவர் வெளியிட்ட புத்தகத்தில் அந்தப் பெயர் ஊர்ஜிதமாயிற்று. பிடிங்டனுக்குப் பாம்பு புயல். சீயமங்கலத்துச் சிற்பிக்குப் பாம்பு புயலிலிருந்து காப்பாற்றும் கூரை.

"அந்தத் துரை கப்பலிலிருந்து பாத்தார். நாங்க வயலிலிருந்து பாக்கிறோம்" என்றார் நயினார்.

மொகலாயப் பாசறைகளில் வழங்கிய தூஃபான் என்ற சொல்லையும் கேட்டார், சொன்னேன். இந்துஸ்தானியில் அது புயல்காற்று. ஆனால் அரபு மொழியில், குர்ஆனில், நூஹு நபியின் காலத்துப் பெருவெள்ளத்துக்கு அதுதான் பெயர். நம் புயலைப் போலவே அதுவும் தண்ணீரிலிருந்து காற்றுக்கு மாறிய சொல். அதைக் கேட்டு ஆசிரியருக்குப் பரம திருப்தி. பேச்சும் மோருமாக அன்று பொழுது போயிற்று. இது வெறும் வார்த்தை விளையாட்டு என்றுதான் அன்று நான் நினைத்திருந்தேன்.

நான்கு மாதம் கழிந்தது. நவம்பர் கடைசியில் வங்கக் கடலில் ஒரு புயல் உருவாயிற்று. ஃபெஞ்சல் என்று பெயர். பெயர் கொடுத்தது சவூதி அரேபியா. இப்போது இந்தக் கடல்களைச் சுற்றியுள்ள 13 நாடுகள் முன்கூட்டியே பெயர்ப் பட்டியல் கொடுத்துவிடுகின்றன. இந்தியா கொடுத்த பெயர்களில் 'முரசு' என்ற நம் சொல்லும் உண்டு.

காற்று எந்த வேகத்தை எட்டினால் புயல் என்ற பட்டம் கிடைக்கும் என்பதற்கு வானிலைத் துறையில் கணக்கு இருக்கிறது. மணிக்கு 62 கிலோமீட்டர் என்றால் புயல். 89 என்றால் தீவிரப் புயல். 118 என்றால் மிகத் தீவிரப் புயல். அதற்கு மேலும் படிகள் உண்டு. எல்லாப் படியும் காற்றின் வேகத்தில்தான். எவ்வளவு மழை பெய்யும் என்பதற்கு அந்தப் பட்டத்தில் இடம் இல்லை. கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் இந்தக் கணக்கு இன்றியமையாதது. 1746-இல் சென்னைக்கு எதிரே லா பூர்தொன்னேயின் கப்பல்களைச் சிதறடித்ததும், 1749-இல் கடலூர்ப் பக்கத்தில் நாமூர் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலை 500 பேருக்கு மேற்பட்டவர்களோடு கவிழ்த்ததும் காற்றுதான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கியது காற்றும், அது எழுப்பிய கடலும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே வந்த தானே, மிகத் தீவிரப் புயல். முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. ஃபெஞ்சலோ ஆகக் கீழ்ப் படியில் இருந்த வெறும் புயல். தானேயைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே புயல் கரையைக் கடந்துவிட்டது என்று செய்தி வந்தது. நான் சென்னையில் இருந்தேன். நடுநிசிக்குச் சற்று முன்னால் சீயமங்கலத்துக்குப் போன் செய்தேன். வீட்டில் எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தார்கள்.

"நயினார் ஐயா, புயல் கடந்துவிட்டது. இனிப் பயமில்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்" என்றேன்.

"உங்களுக்குக் கடந்தது, தம்பி. எங்களுக்கு இப்பத்தான் வருது" என்றார் அவர்.

நான் விடவில்லை. கரையைக் கடந்தால் வலுவிழந்துவிடும் என்று, தெரிந்தவன் போல எடுத்துச் சொன்னேன். அவர் மகனும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். பள்ளத்துக் கொட்டகையில் கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுவதா, வேண்டாமா என்று அப்போதுதான் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். என் பேச்சைக் கேட்ட பிறகு, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்கள்.

பிறகு நடந்தது நாடறிந்த விஷயம். கரையைக் கடந்த புயல் பல மணி நேரம் நகராமல் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. புதுச்சேரியில் 45 செ.மீ.க்கு மேல். செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணி கரை புரண்டது. மறுநாள் மாலை திருவண்ணாமலையில் மண் சரிந்து ஒரு வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அதற்கும் மேற்கே, கடலே தெரியாத ஊத்தங்கரையில் மறுபடியும் சுமார் 50 செ.மீ. கீழ்ப் படிப் புயல் செய்த வேலை இது! கனமழை பெய்யும் என்று வானிலை அறிக்கையிலும் சொல்லித்தான் இருந்தார்கள். எனக்குத்தான் "கடந்தது" என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் மற்றவை விழவில்லை.

சீயமங்கலத்தில் விடியற்காலையில் கொட்டகையின் மண்சுவர் ஊறி இடிந்தது. இரண்டு மாடுகளில் ஒன்று தப்பியது. மற்றது சினைப்பசு. நான்கு நாள் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அதுவும் அவர் சொல்லவில்லை. அவர் மருமகள் சொன்னாள். நான் பதறிப்போய் அவரிடம் பேசினேன்.

"நீங்க என்ன செய்வீங்க, தம்பி? ரேடியோவிலும் கடந்ததுன்னுதானே சொன்னான். கடந்ததுன்னா போயிடுச்சுன்னு அர்த்தம். அந்த வார்த்தையை யாரோ கடற்கரையில் நின்னுகிட்டுப் பேசியிருக்கான். கடலிலிருந்து பாத்தா அது போயிடுச்சு. இங்கிருந்து பாத்தா வந்துடுச்சு. பாட்டன் சொன்னதை நானும்தான் மறந்தேன்" என்றார்.

அவர் என்னை மன்னித்துவிட்டார். அதனால் எனக்கு நிம்மதி வந்துவிடவில்லை. சொற்களை வைத்துப் பிழைக்கிறவன் நான். புயலுக்கு மழை என்று பழைய நூல்களில் பொருள் இருப்பதை அகராதியில் படித்தேன். அந்தப் பொருளைக் கல்லில் செதுக்கி வைத்திருப்பதைக் கண்ணால் பார்த்தேன். அடைமழை பிடித்தால் மாட்டை மேட்டுக்கு ஓட்டு என்ற எச்சரிக்கையையும் காதால் கேட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு, சமயம் வந்தபோது கடற்கரைக்காரனின் சொல்லைத்தான் எடுத்து நீட்டினேன். சொல்லின் பழைய பொருளைப் புலவர்களுக்கு மட்டுமே வேண்டிய சரக்கு என்று நினைத்ததுதான் என் பிழை. கடற்கரையில் புயல் காற்று. செஞ்சிச் சீமையில் அது இன்றைக்கும் வள்ளுவர் சொன்ன புயல்தான். இரண்டு இடத்துக்கும் ஒரே சொல் போதும். ஆனால் சொல்லுகிறவன் எந்த ஊர்க்காரனிடம் சொல்லுகிறோம் என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தொடர்கதை புத்தகமாக வந்தபோது அந்த அத்தியாயத்தை அடித்துத் திருப்பி எழுதினேன். சூறாவளியை எடுத்துவிட்டேன். இப்போது நாஸிர் ஜங்கின் கூடாரங்கள் பறப்பதில்லை. நனைந்து, கனத்து, இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகின்றன. தண்ணீர் ஓசைப்படாமல் கம்பளங்களுக்கு அடியில் வருகிறது. படம் போட இதில் ஒன்றுமில்லை என்று சித்திரக்காரருக்கு வருத்தம்.

புத்தகத்தின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நானே சீயமங்கலத்துக்குப் போனேன். நயினார் அந்த அத்தியாயத்தை மட்டும் அங்கேயே உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முழுதும் வாசித்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து, வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய மாட்டுக் கொட்டகையைக் காட்ட அழைத்துப் போனார். அது மேட்டில் இருந்தது.